காருக்குள் அடங்காத சுழலி

இலங்கையின் கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள பள்ளிவாசல்துறைக் கரையிலிருந்து கடலுக்குப் போகும் கண்ணாடியிழைப் படகுகளின் எஞ்சின்களுக்கும், 1963ஆம் ஆண்டு பிரான்சின் லு மான் நகரில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் ‘00’ என்ற இலக்கத்தோடு ஓடிய பிரித்தானியக் காருக்கும் எரிபொருள் ஒன்றே: மண்ணெண்ணெய். படகு எஞ்சின் பெட்ரோலில் உயிர்பெற்று, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாறும். அந்தக் காரின் எஞ்சினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை, குளிர்விக்கும் தண்ணீரும் இல்லை, முன்னோக்கிச் செல்ல ஒரு கியருக்கு மேல் தேவையும் இருக்கவில்லை. விமான எஞ்சினைச் சிறிதாக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்துச் சில்லுகளோடு பூட்டினால் என்ன நேரும் என்ற கேள்வியை 1950 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஐரோப்பிய, அமெரிக்கப் பொறியியலாளர்கள் விடாமல் கேட்டு வந்தார்கள். அவர்கள் கைவிட்ட அந்தக் கேள்வி 2010இல் இந்தியக் குழுமம் ஒன்றின் உடைமையாகிவிட்ட கார் நிறுவனத்தில் மீண்டும் எழுந்தது. இத்தனை முயற்சிக்கும் பிறகு அந்த எஞ்சின் தெருவில் ஏன் நிலைக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, பந்தயத் திடல்களைப் போலவே கற்பிட்டித் தீபகற்பமும் உதவக்கூடியது.

சுழலி, அதாவது டர்பைன், என்பது ஓடிவரும் காற்றோ நீரோ ஆவியோ வரிசையாகப் பொருத்திய தகடுகளில் மோதி ஓர் அச்சுத்தண்டைச் சுற்றவைக்கும் பொறி. இந்தத் தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குச் சுழலி புதிய பொருளல்ல. மாம்புரிப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் கடற்காற்றில் சுற்றும் சுழலிகள். நுரைச்சோலையில் 2011இல் முதல் அலகும் 2014இல் எஞ்சிய இரண்டும் இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல்மின் நிலையத்தில், ஒவ்வொன்றும் 300 மெகாவாட் வலுவுள்ள மூன்று நீராவிச் சுழலிகள் நிலக்கரி வெப்பத்தில் சுற்றுகின்றன. மூன்றாவது வகையான வாயுச் சுழலி இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதற்குக் காற்று வீசவும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சி, தானே அமுக்கி, அதற்குள் எரிபொருளைத் தூவி எரித்து, விரிந்து பாயும் வெப்ப வாயுவால் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும்.

பிஸ்டன் எஞ்சினோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு தெளிவாகும். பிஸ்டன் எஞ்சினில் காற்றை இழுத்தல், அமுக்குதல், எரித்தல், வெளியேற்றல் என்ற நான்கு வேலைகளும் ஒரே உருளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. வாயுச் சுழலியில் அந்த நான்கும் நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் இடைவிடாமல் நடைபெறுகின்றன: முன்னால் அமுக்கி, நடுவில் எரியறை, அதற்குப் பின்னால் சுழலித் தகடுகள், கடைசியில் புகைவழி. முன்பின் ஆட்டம் எதுவும் இல்லாமல் எல்லாம் சுழற்சியாகவே இருப்பதால் அதிர்வு இல்லை. தேயும் பாகங்கள் குறைவு. எரியக்கூடிய திரவம் எதுவாயினும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இத்தனை நற்குணங்களுக்கும் நடுவே கணக்குப்பிள்ளை கண்ணில் மட்டும் படக்கூடிய ஒரு குறை இருக்கிறது. சுழலி உண்டாக்கும் வலுவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அதன் முன்னால் இருக்கும் அமுக்கியே விழுங்கிவிடும். மிச்சந்தான் வெளியே வேலைக்குக் கிடைக்கும். முழு வேகத்தில் இந்த மிச்சம் தாராளமானது. வேகத்தைக் குறைத்தால் அமுக்கம் தளர்கிறது, அமுக்கம் தளர்ந்தால் வெப்பத்தைச் சுழற்சியாக மாற்றும் திறன் சரிகிறது, ஆனால் அமுக்கிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் எரிபொருள் செலவு அதே விகிதத்தில் குறைவதில்லை. சும்மா நிற்கும்போதும் பசிக்கிற எஞ்சின் இது.

அளவு சிறுத்தால் நிலைமை மேலும் மோசமாகும். தகட்டு நுனிக்கும் அதைச் சூழ்ந்த கூட்டுக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். பெரிய சுழலியில் அந்த இடைவெளி வழியே கசியும் வாயு பொருட்டல்ல, கைக்கு அடக்கமான சுழலியிலோ அதுவே பெரிய இழப்பு. எனவேதான் நூறு மெகாவாட் சுழலி சிக்கனமாக ஓட, நூறு குதிரைவலுச் சுழலி ஊதாரியாக ஓடுகிறது.

ரோவர் காட்டிய வழி

இரண்டாம் உலகப் போரின்போது ஃபிராங்க் விட்டிலின் ஜெட் எஞ்சினைத் தயாரிக்கும் பணி முதலில் பிரித்தானியாவின் ரோவர் கார் நிறுவனத்திடமே இருந்தது. பின்னர் அது ரோல்ஸ் ராய்ஸ் கைக்கு மாறியது. மாறினாலும் கற்றுக்கொண்டது ரோவர் பட்டறையில் தங்கிவிட்டது. அதன் விளைவாக 1950 மார்ச்சில் ஜெட்-1 என்ற இரண்டு இருக்கைத் திறந்த கார் பொதுமக்கள் முன் ஓட்டிக் காட்டப்பட்டது. வாயுச் சுழலியால் ஓடிய உலகின் முதல் கார் அதுவே. இப்போது இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1952இல் பெல்ஜியத்தின் யபெக்க நெடுஞ்சாலையில் அது மணிக்கு 245 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. வேகக் கணக்கைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் அச்சிட்டன. எரிபொருள் கணக்கோ கலனுக்கு ஆறு மைல், அதாவது நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 47 லீற்றர் என்பதாக இருந்தது. இந்த இரண்டு எண்களையும் ஒரே வரியில் வைத்துப் படித்தவர்களுக்கு மீதிக் கதை அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் சுழலிக் கார் என்பது கார் நிறுவனங்களின் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. ஜெனரல் மோட்டோர்ஸ், ஜெட் போர்விமானத்துக்குச் சில்லு பூட்டியது போன்ற ஃபயர்பேர்ட் கார்களைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுவந்தது. ஃபியட் 1954 ஏப்ரலில் தூரின் நகரிலுள்ள தன் லிங்கொட்டோ தொழிற்சாலையின் மொட்டைமாடி ஓட்டத்தடத்தில் டர்பினா என்ற காரை ஓட்டிப் பார்த்தது. ரெனோவின் நீல நிற ‘எத்துவால் ஃபிலான்’, அதாவது எரிவிண்மீன், 1956 செப்டெம்பரில் அமெரிக்காவின் பொன்னவில் உப்புத்தரையில் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டியது. இவற்றில் எதுவும் கடைக்கு வரவில்லை. ஃபியட் மட்டும் இந்தக் கதையில் வேறொரு வேடத்தில் மீண்டும் தலைகாட்டும்.

பந்தயத்துக்குள் முதலில் துணிந்து இறங்கியது மறுபடியும் ரோவர். பி.ஆர்.எம். பந்தய நிறுவனத்தின் கார்ச்சட்டத்தில் தன் சுழலியைப் பொருத்தி, கிரகாம் ஹில்லையும் ரிச்சி கிந்தரையும் ஓட்டுநர்களாக அமர்த்தி 1963இல் லு மானுக்கு அனுப்பியது. பிஸ்டன் கார்களோடு ஒப்பிட அளவுகோல் இல்லாததால் அதற்குத் தரவரிசை கொடுக்கப்படவில்லை. மற்றக் கார்கள் புறப்பட்ட பின்பே அது புறப்பட விடப்பட்டது. 24 மணிநேரத்தில் 310 சுற்று, சராசரி மணிக்கு 173 கிலோமீற்றர் என ஓடி முடித்தது. முதலாவது வாயுச் சுழலிக் காராக 3,600 கிலோமீற்றரைக் கடப்பதற்கென ஏற்பாட்டாளர்கள் வைத்திருந்த பரிசும் அதற்கே கிடைத்தது. எரிபொருள் மட்டும் நூறு கிலோமீற்றருக்கு 40 லீற்றர் போயிற்று.

இந்தத் தாகத்தைத் தணிக்க ரோவர் பொருத்தியது வெப்பமீட்பி என்னும் கருவி. தேன்கூட்டைப் போல் நுண்துளைகள் நிறைந்த ஒரு தட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் ஒரு பாதி சூடான புகைவழியில் இருக்கும்போது வெப்பத்தை ஏந்திக்கொண்டு, சுற்றி மறுபக்கம் வந்ததும் எரியறைக்குப் போகும் காற்றுக்கு அந்த வெப்பத்தைக் கொடுத்துவிடும். புகையோடு வெளியேறி வீணாகும் சூடு இப்படி வீட்டுக்குள் திரும்புகிறது. கோர்னிங் நிறுவனம் செய்த கண்ணாடிப் பீங்கான் தட்டுகளோடு 1965இல் அதே கார் லு மானுக்குத் திரும்பியபோது செலவு நூறு கிலோமீற்றருக்கு 21 லீற்றராக, ஏறத்தாழப் பாதியாக, இறங்கியிருந்தது. அந்த ஆண்டு கிரகாம் ஹில்லுடன் ஓட்டியவர் இளம் ஜக்கி ஸ்டூவர்ட். கார் பத்தாவது இடத்தில் முடித்தது.

ஆனால் அந்த ஓட்டத்தின் தொடக்கத்திலேயே கார் சற்று விலகி ஓரத்து மணலில் ஏறியதில் எஞ்சின் ஒரு வாய் மணலை உறிஞ்சிவிட்டது. தகடுகளின் நுனி அடிபட்டது, வெப்பம் எகிறியது, மீதி நேரம் முழுவதும் ஓட்டுநர்கள் எஞ்சினைத் தாஜா செய்தே ஓட்ட வேண்டியதாயிற்று. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும் தகட்டுக்கு ஒரு மணல்துணிக்கை என்பது துப்பாக்கி ரவைக்குச் சமம். பள்ளிவாசல்துறை போன்ற ஓர் ஊரின் தெருவில், தென்மேல் பருவக்காற்று மணலையும் உப்புத்தூவலையும் ஒன்றாக வாரி இறைக்கும் மாதங்களில், இத்தகைய எஞ்சினுக்கு என்ன கதி நேரும் என்று ஊகிக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. படகைக் கரையேற்றியதும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பைக் கழுவும் கடற்றொழிலாளி செய்யும் அதே வேலையை, கடலோர மின் நிலையங்களின் வாயுச் சுழலிகளுக்கும் செய்கிறார்கள். அமுக்கித் தகடுகளில் உப்பும் தூசும் படிந்தால் வலு மெல்ல மெல்ல இறங்கும் என்பதால், குறித்த காலங்களில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அங்கே நியதி. மின் நிலையத்தில் காற்றை வடிகட்ட ஒரு வீட்டளவு வடிகட்டி அறையே கட்டலாம். காரில் அதற்கு எங்கே இடம்?

இந்தியானாபொலிசின் மூன்று சுற்றுகள்

சுழலிக் கார் வெற்றியின் வாசலுக்கு மிக அருகில் வந்தது அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில். அது தற்செயல் அல்ல. நான்கே திருப்பங்கள் கொண்ட அந்த நீள்வட்டத் திடலில் ஓட்டுநரின் கால் அக்சிலேற்றரை விட்டு எழும் நேரம் மிகக் குறைவு. ஒரே சீரான பெருவேகமே அங்கு விதி. சுழலி விரும்பும் வாழ்க்கையும் அதுதான்.

ஆண்டி கிரனாட்டெலி என்ற எண்ணெய் வணிகர் 1967இல் கொண்டுவந்த எஸ்.டி.பி.–பக்ஸ்டன் காரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கமும் எஞ்சின் இடப்பக்கமுமாக, மாட்டுவண்டியில் சோடி மாடுகளைப் பூட்டியது போல அருகருகே இருந்தன. எஞ்சின் கனடாவின் பிரட் அண்ட் விட்னி செய்த எஸ்.டி.6, ஏறத்தாழ 550 குதிரைவலு, நான்கு சில்லுகளுக்கும் வலு போகும் அமைப்பு. இந்த எஞ்சின் குடும்பம் இலங்கையருக்கு அந்நியமானதல்ல. இதன் உடன்பிறப்பான பி.டி.6 எஞ்சின்களே இலங்கை விமானப்படையின் வை-12 விமானங்களை இன்றும் பறக்கவைக்கின்றன. பிஸ்டன் கார்கள் காதைக் கிழிக்க, இந்தக் கார் ஓர் இரைச்சலும் இல்லாமல் ‘விஷ்’ என்ற மூச்சோடு கடந்துபோனது. அந்த மௌனமே எதிராளிகளுக்கு அதிகம் எரிச்சலூட்டியது என்று சொல்லலாம்.

பார்னெலி ஜோன்ஸ் ஓட்டிய அந்தக் கார் மே 30 அன்று மழையால் நின்று, மறுநாள் தொடர்ந்த பந்தயத்தின் 200 சுற்றுகளில் 171 சுற்றுகளை முன்னணியில் ஓடியது. முடிவதற்கு மூன்று சுற்றுக்குச் சற்று மேலாக மட்டும் இருந்தபோது, சுழலியிலிருந்து சில்லுக்கு வலுவைக் கொண்டுபோகும் பல்சக்கரப் பெட்டியின் ஒரு தாங்கி, பட்டறை வழக்கில் பெயாரிங், நொறுங்கியது. ஏ.ஜே. ஃபொய்ட் வென்றார். நொறுங்கிய பெயாரிங்கின் விலை ஆறு டொலர் என்பது பந்தய உலகில் அழியாத வரியாகிவிட்டது. பெரிய தோல்விக்கு மலிவான காரணம் கிடைத்தால் மக்களுக்கு ஒரு திருப்தி. ஆனால் சுழலிக் காரைப் பந்தயத்திலிருந்து விரட்டியது அந்த ஆறு டொலர் இரும்பு அல்ல, அடுத்தடுத்த ஆண்டுகளின் விதிப்புத்தகம்.

பிஸ்டன் எஞ்சின்களை அவற்றின் உருளைக் கொள்ளளவை வைத்துத் தரம் பிரிக்கலாம். சுழலிக்கு உருளை ஏது? அது எவ்வளவு காற்றை விழுங்குகிறதோ அவ்வளவு வலு. எனவே அதிகாரிகள் அதன் வாயை அளந்தார்கள். காற்று நுழையும் வழியின் பரப்பு சுமார் 24 சதுர அங்குலமாக இருந்ததை 16 சதுர அங்குலமாகக் குறைத்தார்கள். மூச்சுக்குழாயில் மூன்றிலொரு பங்கை அடைத்துவிட்டு ஓடச்சொன்னதற்குச் சமம் அது.

அப்படி அடைத்த பிறகும் 1968இல் கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் ஆப்புவடிவிலான லோட்டஸ் 56 கார்களோடு வந்து முதலிடத் தகுதியைப் பறித்தது. அந்த மாதம் பயிற்சி ஓட்டத்தில் மைக் ஸ்பென்ஸ் என்ற ஓட்டுநரின் உயிரும் அந்தக் காரில் போயிற்று. பந்தயத்தில் ஜோ லெனார்ட் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒன்பது சுற்றே எஞ்சிய நிலையில், எரிபொருள் பம்பை இயக்கும் சிறுதண்டு முறிந்து எஞ்சின் அணைந்தது. அவருடைய சகாவின் காரும் அதே நோயால் ஏறத்தாழ அதே நேரத்தில் நின்றது. இரண்டு ஆண்டும் சுழலி தன் வேலையில் தவறவில்லை. அதைச் சுற்றியிருந்த சில்லறைப் பாகங்களே கைவிட்டன. பின்னர் காற்றுவழி இன்னும் குறுக்கப்பட, அந்தத் திடலில் சுழலியின் கதை முடிந்தது.

அதே 1968இல் ஹோமெட் டி.எக்ஸ். என்ற கார் அமெரிக்காவில் இரண்டு சிறு பந்தயங்களை வென்று, பந்தயம் வென்ற ஒரே சுழலிக் கார் என்ற பெயரைத் தேடிக்கொண்டது. வோட்கின்ஸ் கிளென் ஆறு மணிநேரப் பந்தயத்தில் மூன்றாவதாகவும் வந்தது. லோட்டஸ் தன் காரை 1971இல் ஃபோர்மியுலா வண் திடல்களுக்கும் கொண்டுபோனபோதுதான் சுழலியின் சுபாவம் முழுமையாக அம்பலமானது. அங்கே வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து, நொடியில் கூட்ட வேண்டும். பிஸ்டன் எஞ்சினில் அக்சிலேற்றரை விட்டால் எஞ்சினே காரைப் பிடித்து இழுத்து நிறுத்த உதவும். வாயுச் சுழலியில் அந்தப் பிடிப்பு இல்லை, எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். மிதித்தாலும் உடனே பாயாது; அமுக்கி சுற்றுவேகம் பிடித்துக் காற்றைத் திரட்டும்வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். அதனால் வளைவுக்குள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதே மறுகாலால் அக்சிலேற்றரையும் மிதித்து, வரப்போகும் வலுவை முன்கூட்டியே ‘கேட்டு’ வைக்கும் வித்தையை ஓட்டுநர்கள் பழக வேண்டியிருந்தது. ஃபோர்மியுலா வண்ணில் அந்தக் கார் கண்ட சிறந்த முடிவு எமர்சன் ஃபிட்டிபால்டி பெற்ற எட்டாவது இடம். அது கிடைத்த திடல் எது என்பது கவனிக்கத்தக்கது: அக்காலத்துத் திடல்களில் அக்சிலேற்றரை மிக அதிக நேரம் மிதித்தே வைத்திருக்கக்கூடிய இத்தாலியின் மொன்சா.

203 வீடுகளின் பரிசோதனை

பந்தயத்தை விட்டுவிட்டுச் சாதாரணத் தெருவில் சுழலியைப் பரிசோதித்த துணிவு கிறைஸ்லர் நிறுவனத்துக்கு உரியது. ஜோர்ஜ் ஹியுப்னர் என்ற பொறியியலாளரின் தலைமையில் 1954 முதல் முயன்று, இத்தாலியின் கியா பட்டறையில் உடல் செய்வித்து, வெண்கல நிறத்தில் 1963–64இல் ஐம்பது கார்களை உருவாக்கியது. முன்மாதிரிகளையும் சேர்த்தால் 55. விண்ணப்பித்தவர்களிலிருந்து தெரிந்தெடுத்த 203 பேருக்குத் தலா மூன்று மாதம் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எரிபொருளை மட்டும் அவர்கள் ஊற்ற வேண்டும். 1966 வரை நடந்த இந்தப் பரிசோதனையில் கார்கள் மொத்தம் பத்து இலட்சம் மைலுக்கு மேல் ஓடின.

சாவியைத் திருப்பினால் தடதடப்பு எதுவும் இல்லை. பெரிய தூசுறிஞ்சி ஒன்று அடுத்த அறையில் ஓடுவது போன்ற இரைச்சல் மெல்ல உயர்ந்து சில நொடிகளில் ஒரே சுருதியில் நிலைக்கும். முன்பலகையில் வழக்கமான மானிகளோடு, சுழலிக்குள் நுழையும் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் மானியும் ஒன்று இருக்கும். கார் அசையாமல் நிற்கும்போதே உள்ளே அமுக்கி நிமிடத்துக்கு 18,000 முதல் 22,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் 44,000ஐத் தாண்டும். சாதாரணக் காரொன்று தறிகெட்டுப் பாயும்போது எட்டும் சுற்றுகூட, இந்தக் கார் சிவப்பு விளக்கில் காத்திருக்கும் சுற்றிலும் குறைவு.

எதை ஊற்றினாலும் ஓடும் என்பது அதன் விளம்பரம். டீசல், மண்ணெண்ணெய், நிலக்கடலை எண்ணெய் எல்லாவற்றிலும் அது ஓடியது. மெக்சிகோ ஜனாதிபதியின் விருப்பப்படி டக்கீலா மதுவிலும் ஓட்டிக் காட்டினார்கள். அக்கால அமெரிக்காவில் எல்லா நிரப்பு நிலையத்திலும் கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல் ஒன்றுதான் ஆகாது. அதன் படிவு தகடுகளைக் கெடுத்தது. மூலைக்கு மூலை விற்றது வேண்டாதது, வேண்டியதற்கு அலைய வேண்டும் என்ற இந்த நகைமுரணைக் கிறைஸ்லரின் விளம்பரப் பிரிவு பெரிதாகப் பேசவில்லை. ஓட்டியவர்கள் மென்மையை மெச்சினார்கள். மிதித்ததும் ஒரு நொடிக்கு மேல் யோசித்துப் புறப்படும் தயக்கத்தையும் எரிபொருள் செலவையும் குறையாகச் சொன்னார்கள். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என ஓடும் காரின் நாளில் பெரும்பகுதி நிற்பதிலும் ஊர்வதிலுமே கழிகிறது. சுழலியின் கணக்கில் அத்தனையும் நட்டம். மிக உயர்ந்த எரிவெப்பத்தால் உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகள் 1970களின் புகைச்சட்டங்களோடு மோதின. உச்ச வெப்பத்தைத் தாங்கும் நிக்கல் கலப்புலோகத் தகடுகள் விலையேறிய சமாச்சாரம். பரிசோதனை முடிந்ததும் ஒன்பது கார்களைத் தவிர மற்றவை அழிக்கப்பட்டன. கடன்சுமையில் அரச உத்தரவாதம் நாடிய கிறைஸ்லர் 1980களின் தொடக்கத்தில் முழு முயற்சியையும் மூடியது.

சுழலிக்கு ஏற்ற வீடு

காரிலிருந்து துரத்தப்பட்ட அதே எஞ்சின்கள் வேறிடங்களில் மதிப்போடு வாழ்ந்தன என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பக்கம். 1964 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் அயர் உப்பு ஏரியில் டொனால்ட் கம்பெல் ஓட்டிய புளூபேர்ட் கார், பிரிஸ்டல் புரோட்டியஸ் என்ற விமானச் சுழலியால் சில்லுகளைச் சுற்றி மணிக்கு 648 கிலோமீற்றர் வேகத்தில் பாய்ந்தது. அதே புரோட்டியஸ், இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஆளில்லாமல் தானாக ஓடும் ஒரு குட்டி மின் நிலையத்தில் 1959 முதலே வேலை செய்துகொண்டிருந்தது. காரில் அதன் புகழ் சில நிமிடங்களுக்கு. மின் நிலையத்தில் அதன் சேவை ஆண்டுக்கணக்கில்.

ஃபியட்டும் அதே திசையிலேயே போனது. கொழும்பு களனிதிஸ்ஸ மின் நிலையத்தில் 1997இல் நிறுவப்பட்ட 115 மெகாவாட் வாயுச் சுழலி ஃபியட் தயாரிப்பு. தூரின் மாடியில் ஒரு காரைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்த நிறுவனத்தின் பெயர், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இலங்கையின் மின்கம்பிகளுக்குப் பின்னால் வந்து நின்றது. களனிதிஸ்ஸவின் சுழலிகள் டீசல் போன்ற எண்ணெய்களில் ஓடுவதால் மின்சாரம் விலை கூடியது. அதனால் மாலையின் உச்சத் தேவைக்கும் நெருக்கடிக்குமே பெரும்பாலும் அவை அழைக்கப்படும். ஆனால் அழைத்தால் நிமிடக் கணக்கில் வரும். நீராவிச் சுழலிக்கு அந்த விரைவு இல்லை: 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த கோளாறால் நாடு முழுவதும் இருண்டபோது நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுபோயின. கொதிகலனும் நீராவியும் மறுபடி ஒழுங்குக்கு வந்து அலகுகள் ஒவ்வொன்றாகக் கட்டமைப்பில் இணையப் பல நாட்கள் ஆயின, அதுவரை நாட்டில் சுழற்சிமுறை மின்வெட்டு. பள்ளிவாசல்துறையிலிருப்பவர் வீட்டு விளக்குக்கும், ஊருக்கருகில் புகைபோக்கியோடு நிற்கும் நிலையத்துக்கும் இடையிலான தூரம் அந்த நாட்களில் சட்டென்று நீண்டுவிட்டது.

சிக்கனமாக ஊர்வது, வேகமாகப் பாய்வது என்ற இரண்டு குணங்களையும் ஒரே உடலில் பூட்டிய பொறியமைப்பு இலங்கைக் கடற்படையிடமே இருக்கிறது. 2019இல் கடற்படையில் இணைந்த கஜபாகு, 1968இல், அதாவது லோட்டஸ் சுழலி இந்தியானாபொலிசில் ஓடிய அதே ஆண்டில், அமெரிக்கக் கரையோரக் காவல்படையில் ஷேர்மன் என்ற பெயரோடு சேவைக்கு வந்த கப்பல். மெதுவாக நாட்கணக்கில் ரோந்து போக இரண்டு டீசல் எஞ்சின்கள்; விரட்டிப் பிடிக்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18,000 குதிரைவலு கொண்ட பிரட் அண்ட் விட்னி வாயுச் சுழலிகள் இரண்டு. ஊர்வதற்கு ஒன்று, பாய்வதற்கு இன்னொன்று என்ற இந்த ஏற்பாடு கப்பலின் அகன்ற வயிற்றில் சாத்தியம். காரில் இரண்டு வகை எஞ்சினுக்கு இடமில்லாததே சுழலிக் காரின் நெடுநாள் தடையாக இருந்தது.

டாட்டா காலத்து முயற்சி

மின்கலங்கள் மலிந்ததும் அந்தத் தடைக்கு ஒரு வழி பிறந்தது. சில்லுகளை மின்மோட்டார்கள் சுற்றட்டும், ஏறி இறங்கும் சுமையை மின்கலம் தாங்கட்டும், சுழலி ஒரு மூலையில் ஒரே வேகத்தில் சுற்றி மின்கலத்தை நிரப்பினால் போதும் என்பது அந்த வழி. ஸ்வீடனின் வொல்வோ 1992இலேயே இ.சி.சி. என்ற காட்சிக்காரில் இதைச் செய்துகாட்டியிருந்தது. டாட்டா மோட்டோர்ஸ் 2008இல் வாங்கிய ஜகுவார் நிறுவனம், தன் 75ஆம் ஆண்டையொட்டி 2010இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த சி-எக்ஸ்75 கார் இந்த எண்ணத்தின் அழகிய வடிவம். இயன் கலம் குழுவினர் வடிவமைத்த அந்தக் காரில் சில்லுக்கு ஒன்றாக நான்கு மின்மோட்டார்கள். இருக்கைகளுக்குப் பின்னால், நிமிடத்துக்கு 80,000 சுற்று சுற்றி ஒவ்வொன்றும் 70 கிலோவாட் தரும் இரண்டு நுண்சுழலிகள். அவற்றைச் செய்தது இங்கிலாந்தின் பிளேடன் ஜெட்ஸ் என்ற சிறு நிறுவனம். டாட்டா குழுமம் அதில் பங்கும் வாங்கியது. மின்கலத்தில் மட்டும் 110 கிலோமீற்றர், சுழலிகளும் சேர்ந்தால் 900 கிலோமீற்றர் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது.

கணக்கு காகிதத்தில் சரியாகவே இருந்தது. கார் சந்தைக்குத் தயாராகத் தொடங்கியபோது சுழலிகள் முதலில் கழன்றன. 2011இல் வில்லியம்ஸ் பந்தய நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஓடும் மாதிரிகளில் 1.6 லீற்றர் பிஸ்டன் எஞ்சினே இருந்தது. 2012 டிசெம்பரில் அந்தத் திட்டமும் நிறுத்தப்பட்டது. 2015இல் வந்த ஸ்பெக்டர் திரைப்படத்தில் ரோம் நகரத் தெருக்களில் சீறிய சி-எக்ஸ்75 கார்களுக்குள் இருந்தது இவை எதுவுமல்ல, சாதாரண எட்டு உருளை எஞ்சின்.

எரிபொருளின் விலையும் இத்தகைய முயற்சிகளின் தலையில் கத்தியாகத் தொங்குகிறது. 2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலில் ஏறியபோது கரையோரம் முழுவதும் படகுகள் கணக்குப் பார்த்தே கடலுக்கு இறங்கின. ஆறு லீற்றரில் முடியும் வேலைக்குப் பத்து லீற்றர் கேட்கும் எஞ்சினை, அது எவ்வளவு மென்மையாகச் சுற்றினாலும், அந்தக் கரையில் யாரும் வாங்கப்போவதில்லை.

பிளேடன் நுண்சுழலிக்கு மட்டும் பிழைப்புக்கு ஒரு வழி கிடைத்தது. காரை மறந்துவிட்டு, கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்களின் அடியில் நிற்கும் டீசல் ஜெனரேற்றருக்கு மாற்றாக 12 கிலோவாட் நுண்சுழலி ஜெனரேற்றரை அந்த நிறுவனம் உருவாக்கியது. அச்சுத்தண்டு எண்ணெயில் அல்ல, தான் சுற்றும் வேகத்தில் உண்டாகும் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. கோபுரம் இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தையே கேட்கும். அங்கே வளைவும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை, அக்சிலேற்றரை மிதிக்க ஆளும் இல்லை.